லாரி வாசலில் நிற்க, பவுலின் அம்மையாருக்கு வாசித்தளித்த பணிநிறைவு மடல்

உவரிக் கரையில் உப்புக் காற்றை உண்டு வளர்ந்து, பொருநை பாயும் பூமியில் புகுந்து, பார்க்காத கடல்களின் பார்க்காத மேடைகளுக்குப் பழுதில்லாத இரும்பைப் பார்த்துப் பார்த்து அனுப்பிய பெருமாட்டியே! பெருமாளுக்குச் சாத்திய எண்ணெய் கிணற்றில் சேரும் நாங்குநேரியிலிருந்து, ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குக் கருவி செய்து அனுப்பும் எங்கள் பொதிகை கடல்மேடைக் கருவித் தொழிலகத்தின் தலைமைத் தர ஆய்வாளரே! தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத விரல்களுக்கு உரியவரே! பவுலின் அம்மையீர்! வணக்கம், வணக்கம், வணக்கம்! எந்த இரும்பையும் மூன்று முறை சோதிக்காமல் நீங்கள் ஏற்றதில்லை என்பதால், வணக்கத்தையும் மூன்றாகவே வைக்கிறோம்.

இம்மடலை எழுதிய கை, பண்டகசாலைப் பொறுப்பாளர் பட்டாபியின் கை. எழுதச் சொன்ன வாய்கள் பல. "பட்டாபி சார், ரொம்ப அடுக்காதீங்க. கடலே மலையேன்னு எழுதினா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்று நேற்றே எச்சரித்துவிட்டுப் போனீர்கள். அம்மையீர், கொஞ்சம் அடுக்கத்தான் செய்வோம். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கப்போகும் மடலில் நாலு அடைமொழி இல்லையென்றால் சட்டம் போட்ட கடைக்காரனே கோபித்துக்கொள்வான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதை நிலைகொள்ளாமல்தான் எழுதினோம், நிலைகொள்ளாமல்தான் வாசிக்கிறோம். பந்தலை ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டிகளை ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், சோதனை அறையில், இரும்புக் கட்டையோடு இறுக்கி முடுக்கிய போல்ட்டுகள் நிற்கின்றன. மாலை ஐந்து மணிக்கு உங்கள் பணி நிறைகிறது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவரைப் பாராட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. வாசிப்பில் எங்கேனும் தடுக்கினால் தமிழைக் குறை சொல்லாதீர்கள்.

அமர்தல் அறியாத அம்மையே! உங்கள் அறையில் ஒரு நாற்காலி உண்டு. வாங்கி வந்த அன்று அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உறை நேற்றுவரை கிழியவில்லை. உலைக்கூடத்திலிருந்து கடைசல் பட்டறைக்கும், கடைசல் பட்டறையிலிருந்து வெல்டிங் கொட்டகைக்கும், அங்கிருந்து மறுபடி உலைக்கும் காலில் சக்கரம் கட்டியவராகத் திரிந்தீர்கள். உங்களைத் தேடி வரும் வெளியூர் அதிகாரிகளிடம் "இப்பத்தான் இங்கன நின்னாக, அங்கன போயிட்டாக" என்று கை காட்டுவதே எங்களில் சிலருக்குப் பாதி வேலையாக இருந்தது. "ஒரு நிமிசம் உக்காருங்க மேடம்" என்றால், "இரும்பு எங்கிட்ட நடந்து வராதுல்லா? நான்தான் போவணும்" என்பீர்கள்.

இரும்பின் இயல்பை எழுத்தெண்ணிக் கற்ற இணையிலியே! நடுக்கடலில் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடையைப் படத்தில் பார்ப்பவர், அது அலையை எதிர்த்து நிற்பதாக நினைத்துக்கொள்கிறார். அது எதிர்ப்பது அலையை மட்டும் அல்ல என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். வெளியே உப்பு, உள்ளே குழாயில் எண்ணெயோடு ஏறிவரும் நச்சுவாயு, கடலடியின் குளிர், கிணற்றின் கொதி என அத்தனையும் ஒரே இரும்பை ஒரே நேரத்தில் தின்னப் பார்க்கின்றன. தான் கரைந்து மேடையின் காலைக் காக்கும் அலுமினியக் கட்டிகளை வார்க்கும்போது, அவற்றின் கலவையில் கடுகளவு கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் விட்டதில்லை. நச்சுவாயு போகும் குழாய்க்கு வலு கூடிய எஃகு வந்தபோது, "வலு கூடுனா வீம்பும் கூடும். வளையாது, ஒரேயடியா உடையும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அலை வந்து வந்து நனைக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் வெல்டிங் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறது: "முழுசா முங்குன இரும்பு கூட தப்பிச்சிரும். நனைஞ்சு நனைஞ்சு காயுதுல்லா, அதுதான் முதல்ல சாவும்."

சுபகாரியத்திலும் சும்மா இராத சோதனைச் செல்வியே! சாத்தான்குளத்தில் நம் வெல்டர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போனோம். மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் பந்தல் கம்பத்தைத் தடவிக்கொண்டே போன உங்கள் கை ஒரு பற்றவைப்பில் நின்றது. "இது வெல்டிங்கா, ஒட்டுன சூயிங்கமா?" என்று கேட்டு, மணவறையையே இரண்டு கெஜம் தள்ளிப் போடவைத்தீர்கள். முகூர்த்தம் தவறப் பார்த்தது. பெண் வீட்டார் உங்களை மாப்பிள்ளையின் அத்தை என்று நினைத்து ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அந்தக் கம்பம் விழுந்ததா என்று கேட்காதீர்கள். விழவில்லை. அதைச் சொல்லி இன்றுவரை உங்களைக் கேலி செய்கிறோம். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் மறுபடி ஒரு கம்பத்தைப் பார்த்தால் மறுபடி தடவுகிறீர்கள்.

உங்கள் தம்பி அம்புரோஸ் இந்த அவையில் முன்வரிசையில் இருக்கிறார். எண்ணெய் மேடைகளில் போல்ட்டு முடுக்கும் வேலை அவருக்கு. ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் கரையில் என்று வாழ்கிறவர். போன கிறிஸ்துமஸுக்கு நம் ஆலைக்கு வந்தவர், "அக்கா பாத்து விட்ட போல்டுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு முடுக்குவேன்" என்று எங்களிடம் பெருமை அடித்தார். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணத் தொறந்துக்கிட்டு முடுக்குலே" என்றீர்கள். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

இனி, தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த அவையில் விருந்தினராக வந்திருப்போர் வாசல் லாரியின் வரலாற்றை அறிய வேண்டும் அல்லவா?

அந்த லாரியில் இருப்பவை கடலடிக் குழாய் இணைப்புகளுக்கான உயர்வலுப் போல்ட்டுகள். வெளிநாட்டு மேடை ஒன்றுக்கு நாம் அனுப்பும் முதல் சரக்கு. துருப் பிடிக்காமல் இருக்க அவற்றுக்குத் துத்தநாக முலாம் பூச வேண்டும். நம் முலாம் தொட்டி அந்த வாரம் ஓட்டை விழுந்து கிடந்தது, வாங்குகிறவர்களோ அவசரப்படுத்தினார்கள். ஆகவே நெல்லை டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் பாக்கியசீலன் அண்ணாச்சியின் முலாம் பட்டறைக்கு அனுப்பினோம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் வாயு எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பூசிய கையோடு அடுப்பில் வைத்து, இடைவிடாமல் பல மணி நேரம் சூடு காட்டினால்தான் அது வெளியேறும். இது அண்ணாச்சிக்கும் தெரியும். காலையில் முலாம் பூசி அடுப்பில் வைத்தார். அன்று ஆனித் தேரோட்டம்.

தேரோட்டத்துக்கு உங்களை அழைத்துப்போனது பட்டாபியின் மனைவி கோமு. பாளையங்கோட்டையில் இத்தனை காலம் அடுத்தடுத்த வீடு, ஒரு தடவையாவது வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வடம் அசைந்தது. வேட்டுச் சத்தம் கேட்டது. ஊரே தேரின் உச்சியைப் பார்த்துக் கைகூப்பியது. நீங்கள் மட்டும் தேர் போவதற்காக மின்வாரியத்தார் அவிழ்த்துச் சுருட்டிய கம்பியைப் பார்த்தபடி நின்றீர்கள். "சேவிச்சுக்கோங்கோன்னா, கம்பத்தைப் பாத்துண்டு நிக்கறேளே!" என்று கோமு கேட்டாளாம். "கோமு, இந்தத் தெருவுல கரண்டு இல்ல" என்றீர்களாம். அவ்வளவுதான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சந்துக்குள் ஓடினீர்கள். பட்டறை பூட்டிக் கிடந்தது. பாக்கியசீலன் அண்ணாச்சி வடம் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குக் கோயில் மணிக்கு முன்னால் வந்து பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர்தான். ஆனால் டவுனில் பிறந்தவனுக்குத் தேர் என்றால் அது வேறு கணக்கு.

தேர் நிலைக்கு வந்த பிறகு அவரும் வந்தார். "தேர் வருதுன்னா வயர அவுக்கத்தானம்மா செய்வான். அடுப்பு ஆறுதுன்னு தேர நிறுத்த முடியுமா? கரண்டு வந்ததும் சுவிட்சப் போட்டுட்டேன். விட்ட நேரத்தையும் சேத்து மொத்தமாச் சரிக்கட்டியாச்சி, பயப்படாதீங்க" என்றார். பொய் சொல்லவில்லை அவர். எதையும் மறைக்கவும் இல்லை. மொத்த நேரம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் அடுப்பு ஆறியபோது, வெளியேறாத மீதி வாயு உள்ளேயே தங்கி எஃகைக் கெடுத்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

இதை விளங்க வைக்க உங்களைவிட வல்லவர் யார்? பிறகு ஆலையில் நடந்த கூட்டத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே தருகிறோம். "கருவாட்ட அரைக் காச்சல்ல எடுத்து மூட்டை கட்டுனா, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள புழு வச்சிரும். பொறவு வெயில்ல போட்டா புழு சாவும். கருவாடு தேறுமா?" அந்த அறையில் சிரிக்காதவர் இல்லை. வாயு தங்கிய எஃகில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். முடுக்கிய அன்று உடையாது. கடலுக்கு அடியில், பாரம் ஏறிய பிறகு, ஒருநாள் சொல்லாமல் உடையும். அந்த இணைப்பு விட்டுப்போனால் மேலே மேடையில் நிற்பவர்களுக்கு ஓட இடம் கிடையாது.

எங்கள் நிர்வாக இயக்குநர் செந்தில்முருகன் அண்ணாச்சி அவர்களே! இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் உங்கள் முன்னிலையில் இதைச் சொல்வதற்குக் கூச்சப்படுகிறோம். ஆனாலும் சொல்கிறோம். ஒற்றைக் கடைசல் எந்திரத்தோடு தகரக் கொட்டகையில் தொடங்கி இந்த ஆலையை எழுப்பியவர் நீங்கள். இந்த முதல் வெளிநாட்டுச் சரக்கு போய்ச் சேராவிட்டால் அடுத்தது வராது என்ற பயம் உங்களுக்கு உண்டு; நியாயமான பயம். "ஒரு தேருக்காக ஒரு ஆர்டர விடச் சொல்லுதீங்களா?" என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் உடைந்ததை நாங்கள் கேட்டோம். அம்மையாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தச் சரக்கிலிருந்தே சில போல்ட்டுகளை எடுத்துக் கட்டையில் முடுக்கி, உடைகிறதா என்று பார்க்க வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றும் உடையவில்லை.

உடைந்திருந்தால் இந்த மடல் எங்களுக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! போகிற வருகிறவர் எல்லாம் அந்த அறைக் கதவில் காதை வைத்துவிட்டுப் போனோம். உடைந்துவிட வேண்டும் என்று எங்களில் பாதிப்பேர் வேண்டினோம். உடைந்துவிடக் கூடாது என்று மீதிப்பேர். இரண்டு பக்கமும் வேண்டியவர்களும் உண்டு. பட்டாபி அந்த வகை.

அம்மையீர், "அதான் உடையலியே, பொறவு என்ன?" என்று செந்தில்முருகன் அண்ணாச்சி உங்களிடம் கேட்டார். "உடையலேன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல அண்ணாச்சி. இன்னும் உடையலேன்னுதான் அர்த்தம். அடுப்போட ஓரத்துல இருந்தது சீக்கிரம் ஆறியிருக்கும், நடுவுல இருந்தது சூடாவே இருந்திருக்கும். நாம எடுத்தது எந்த இடத்துப் போல்டோ!" என்றீர்கள். அன்று பண்டகசாலைக்கு வந்து, வழக்கம்போல் நின்றுகொண்டே, "எனக்கும் நிச்சயம் இல்ல பட்டாபி சார். நிச்சயம் இல்லாததுனாலதான் கையெழுத்துப் போடல" என்றீர்கள். முப்பது ஆண்டுக்கு மேலாக உங்களோடு வேலை செய்கிறோம். நீங்கள் எதையாவது உறுதியாகத் தெரியாது என்று சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான். உங்கள் அறிவைப் புகழ்ந்து இம்மடலின் மேற்பகுதியில் எவ்வளவோ எழுதிவிட்டோம். அத்தனையையும்விட அந்த ஒரு சொல்லுக்காக உங்களை அதிகம் மதிக்கிறோம்.

நீங்கள் சரக்கை நிராகரித்துவிட்டீர்கள். ஆனால் அந்த நிராகரிப்பை மாற்றும் அதிகாரம் அடுத்த பொறுப்பாளருக்கு உண்டு. அதனால்தான் சரக்கை இறக்கச் சொல்லாமல், லாரியை வாசலில் நிற்கச் சொன்னார் அண்ணாச்சி. ஐந்து மணிக்கு உங்கள் இடத்தில் பெனிஷா பொறுப்பேற்கிறார். ஐந்து மணி ஆனதும் ஒரு கையெழுத்து, பத்து நிமிடத்தில் லாரி நெடுஞ்சாலை ஏறிவிடும். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெனிஷா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொறுப்பேற்கும் முதல் மணியிலேயே முதலாளியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டும், அல்லது உங்கள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். "மேடம், என்ன செய்யட்டும்?" என்று உங்களிடம் வந்து கேட்டிருக்கிறார். "எனக்காகப் போடாம இருக்காத. உனக்குச் சரின்னு பட்டா போடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். இரக்கமே இல்லாத பதில் என்று பட்டாபி உங்கள்மேல் கோபப்பட்டது உண்மை. அந்தக் கோபத்தையும் இம்மடலில் பதிவு செய்கிறோம்.

இன்று நண்பகல், மடலை முடித்து, வாழ்த்துரைக்கு மட்டும் இடம் விட்டு, மை காயட்டும் என்று வைத்திருந்தபோது பெனிஷா பண்டகசாலைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "சார், மடல்ல இன்னும் இடம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. வாழ்த்துக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கு" என்றோம்.

"அப்ப எழுதுங்க. அஞ்சு மணிக்கு மேல என்னால தனியாச் சொல்ல முடியுமான்னு தெரியல. அதுக்கு முன்னாலயே, மேடம் காது கேக்க, எல்லாருக்கும் முன்னால சொல்லிருதேன். நான் போட மாட்டேன்."

எழுதினோம். நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சோதனை அறையிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் பெயரைச் சேர்க்கச் சொன்னார். உலைக்கூடத்தார் வந்தனர். வெல்டிங் கொட்டகையார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தனர். சரக்கு ஏற்றும் பகுதியினர், தாங்களே ஏற்றிய பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தனர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆகவே, அம்மையீர், அவையோரே, அண்ணாச்சி அவர்களே! இம்மடலின் அடியில் இருக்கும் கையெழுத்துகளுக்கு ஒரே பொருள்தான். தேர் நாளில் அடுப்பு ஆறிய அந்தப் போல்ட்டுகள் இந்த ஆலையிலிருந்து எந்தக் கடலுக்கும் போகா. இன்று ஐந்து மணிக்கு முன்னும் போகா, பின்னும் போகா. புதிதாக எஃகு எடுத்து, நம் தொட்டியின் ஓட்டையை அடைத்து, நம் கண் முன்னே முலாம் பூசி, நம் அடுப்பிலேயே சூடு காட்டி அனுப்புவோம். வாங்குகிறவர்கள் காத்திருப்பார்களா என்று எங்களுக்குத் தெரியாது. காத்திருக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டு நிற்கும். இதில் கையெழுத்திட்ட சிலரின் வேலையும் அதோடு நிற்கும். அவர்கள் அதைத் தெரிந்துதான் இட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி, உங்களை அவமதிக்க இதைச் செய்யவில்லை. நீங்கள் ஒருவரே சுமந்துகொண்டிருந்ததை எல்லோருமாகச் சேர்ந்து பிடிக்கிறோம், அவ்வளவுதான். வடம் பிடிக்க ஆள் கூடினால் தேர் நகரும் என்று டவுன்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறோம்.

அம்புரோஸ் தம்பி! நீங்கள் முடுக்கும் போல்ட்டு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் அனுப்பும் போல்ட்டை முடுக்குவது யார் என்று எங்களுக்கும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் நீங்களே முடுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டோம். கண்ணைத் திறந்துகொண்டு முடுக்குங்கள்.

இரும்பினும் இறுகிய நெஞ்சும், இளகினால் இரும்பையும் இளக்கும் அன்பும் கொண்ட எங்கள் பவுலின் அம்மையீர்! உவரி அந்தோணியாரும், காந்திமதி அம்மையோடு நெல்லையப்பரும், நாங்குநேரி வானமாமலைப் பெருமாளும் ஒருவர் விட்டதை ஒருவர் பார்த்துக்கொள்ள, நோய் அண்டாமல், துரு ஏறாமல், கீறல் விழாமல் நூறாண்டு நலமாக வாழ்க! பாபநாசத்துத் தண்ணீர் இந்த மண்ணில் பாயும் காலமெல்லாம் உங்கள் பெயர் இந்தப் பட்டறையில் பேசப்படுக! எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தல் கம்பத்தைத் தடவிப் பார்க்கும் பாக்கியம் உங்களுக்கு என்றும் வாய்ப்பதாக!

கடைசியாக ஒரு வேண்டுகோள். மடல் முடிந்ததும் எழுந்து வாசலுக்கு ஓடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். வேண்டாம். மேடையில் உங்களுக்குப் பின்னால் இருப்பது உங்கள் அறை நாற்காலிதான். அதன் பிளாஸ்டிக் உறையை இன்று காலையில் பெனிஷா கிழித்துவிட்டார். லாரியை நாங்கள் இறக்கிக்கொள்கிறோம். நீங்கள் உட்காருங்கள்.

இவண்,
பெனிஷா, இன்று ஐந்து மணி முதல் தர ஆய்வுப் பொறுப்பாளர்,
பட்டாபி, பண்டகசாலை,
மற்றும் உலைக்கூடம், கடைசல் பட்டறை, வெல்டிங் கொட்டகை, சோதனை அறை, சரக்கு ஏற்றும் பகுதி ஊழியர் அனைவரும்,
பொதிகை கடல்மேடைக் கருவித் தொழிலகம், நாங்குநேரி.